டம்ளர் கழுவுகிறவர்கள்
(இலைகளில் வைட்டமின் சி பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "என்னங்க, தாவரவியல் பேசப் போறீங்களா, கேட்டரிங் காண்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களா?" என்றார். இரண்டுக்கும் நான் நினைத்ததைவிட நெருக்கம் அதிகம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வாழைப்பூ ஆய்ந்து நறுக்கிய அனுபவம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். பெண்கள் பக்கம் எல்லாக் கைகளும் மேலே. ஆண்கள் பக்கம் மூன்று கைகள். அதில் ஒன்று பாதியில் நிற்கிறது. பரவாயில்லை. நறுக்கிய பூவை என்ன செய்வீர்கள்? மோர் கலந்த தண்ணீரில் போடுவீர்கள். வெளியே வைத்தால் ஐந்து நிமிடத்தில் கறுத்துவிடும். கத்தரிக்காய், வாழைக்காய், ஆப்பிள் எல்லாம் இப்படித்தான். ஆனால் எலுமிச்சம்பழத்தை அறுத்து மேசைமேல் வைத்தால் காய்ந்து சுருங்குமே தவிர இப்படிக் கறுப்பதில்லை. ஏன்?

கத்தி படும்வரை செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள், கத்தி பட்டதும் ஒன்றாகக் கலக்கின்றன. ஒரு நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு பீனால் பொருள்களை மாற்றி, கறுப்புச் சாயத்துக்கு வழி செய்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்குகிறது. எலுமிச்சை அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி, மாறிப்போன பீனாலை உடனுக்குடன் பழைய நிலைக்குத் திருப்புகிறது. நொதி மாற்றுகிறது, வைட்டமின் திருப்புகிறது. மறுபடி மாற்றுகிறது, மறுபடி திருப்புகிறது. வைட்டமின் தீரும்வரை நிறம் ஏறாது. தீர்ந்ததும் ஏற ஆரம்பித்துவிடும். கறுப்பதை அது தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தள்ளிப்போடுதலைத்தான் ஒரு மனிதர் 1920-களில் உற்றுப் பார்த்தார். ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, ஹங்கேரிக்காரர். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இருந்தபோது, சில பழங்கள் கறுப்பதும் சில கறுக்காததும் ஏன் என்று தேடிக்கொண்டிருந்தார். பெராக்சிடேஸ் என்ற நொதி உள்ள கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் பென்சிடின் என்ற பொருளையும் கலந்தால் சட்டென்று நீலம் பிறக்கும். சுத்தப்படுத்திய நொதிக்குப் பதிலாகக் கறுக்காத செடியின் சாற்றையே ஊற்றிப் பார்த்தார். நீலம் வந்தது. ஆனால் ஒரு விநாடி அளவு தாமதித்து வந்தது. நாமாக இருந்தால் கடிகாரத்தைக் குறை சொல்லியிருப்போம். அவர் சாற்றில் ஏதோ ஒன்று நீலத்தைப் பிறந்த கணமே அழித்துக்கொண்டிருக்கிறது, அது தீர்ந்த பிறகுதான் நீலம் கண்ணுக்குத் தெரிகிறது என்று கணித்தார்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது கேம்பிரிட்ஜில். 1928-இல் கட்டுரை வந்தது. அது ஒருவகைச் சர்க்கரை போலிருந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. அதனால் 'இக்னோஸ்' என்று பெயரிட்டார். எனக்குத் தெரியாது என்பதற்கான லத்தீன் சொல்லோடு சர்க்கரைகளின் பெயர்விகுதியைச் சேர்த்த குறும்பு அது. இதழாசிரியர் ஒப்பவில்லை. அப்படியானால் 'காட்நோஸ்', அதாவது கடவுளுக்குத்தான் தெரியும் என்று வைக்கலாமா என்று கேட்டார். அதுவும் செல்லவில்லை. கடைசியில் 'ஹெக்சுரானிக் அமிலம்' என்ற சாதுவான பெயரில் அச்சானது. பின்னர் ஹங்கேரியின் செகெட் நகரத்துக்குப் போனார். அங்கே விளைகிற பாப்ரிகா மிளகாயில் அந்தப் பொருள் கொட்டிக்கிடந்தது. கிலோ கணக்கில் எடுத்தார். ஈறில் இரத்தம் கசியவைக்கும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் வைட்டமின் சி அதுதான் என்று உறுதியானது. ஸ்கர்வியைப் போக்குவது என்ற பொருளில் அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர் மாறியது. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த நாளிலிருந்து உலகம் வைட்டமின் சியை மனிதனின் ஈறோடு சேர்த்தே பார்க்கிறது. செடியில் அது என்ன வேலை செய்கிறது என்ற முதல் கேள்வி பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

செடி நமக்காக வைட்டமின் தயாரிக்கவில்லை. நெல்லி மரத்துக்கு நம் ஈறுகளைப் பற்றிய கவலை கிடையாது.

சரி, அதன் கவலைதான் என்ன? உச்சிவெயிலில் நிற்கும் ஓர் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடை இருக்கிறது, திண்ணை இருக்கிறது. இலை வெயிலை வாங்கியாக வேண்டும். அதற்காகத்தான் அது தட்டையாக விரிந்து நிற்கிறது. ஆனால் நடுப்பகலில் வந்து விழும் ஒளி, சர்க்கரை தயாரிக்கப் பயன்படுத்தக்கூடிய அளவைவிட மிக அதிகம். ஒளி நீரை உடைக்கிறது, எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அவை போய்ச் சேரவேண்டிய இடம் நிரம்பியிருந்தால் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் போய்விடும். அந்த ஆக்சிஜனும் வேறு எங்கிருந்தும் வரவில்லை, அதே இலை அதே இடத்தில் வெளியிடுகிற ஆக்சிஜன்தான். இலைச் செல்லில் இந்த வேலை நடக்கும் அறையான பசுங்கணிகத்தை ஒளியில் வைத்தால் அது ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது என்று 1951-இல் ஆலன் மேலர் காட்டினார். எலக்ட்ரான் ஒட்டிய ஆக்சிஜனுக்குச் சூப்பர் ஆக்சைடு என்று பெயர். பெயரில்தான் சூப்பர், பக்கத்தில் இருப்பதையெல்லாம் சீண்டுகிற குணம்.

இதை அடக்கும் முதல் நொதி சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் பிரிடோவிச்சும் அவருடைய மாணவர் ஜோ மெக்கார்டும் 1969-இல் அறிவித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் புரதத்தை மாட்டு இரத்தத்திலிருந்து 1938-லேயே பிரித்தெடுத்திருந்தார்கள். செம்பு இருக்கிறது, ஆகவே செம்பைச் சேமித்து வைக்கும் பாத்திரமாக இருக்கும் என்று நினைத்து முப்பது ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தார்கள். பார்த்தால் அது உலகின் மிக வேகமான நொதிகளில் ஒன்று! இரண்டு சூப்பர் ஆக்சைடைப் பிடித்து ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடுமாக மாற்றிவிடுகிறது.

பெராக்சைடை நீங்கள் அறிவீர்கள். மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குவோமே, அதுதான். அதை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிற நுரை அது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்டலாம்.

அப்படியானால் இலையிலும் கேட்டலேஸ் பார்த்துக்கொள்ளுமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். கேட்டலேஸ் பெராக்சிசோம் என்ற வேறு அறையில் இருக்கிறது, பசுங்கணிகத்துக்குள் இல்லை. தவிர, அது மொத்த வியாபாரி. பெராக்சைடு ஏராளமாக வந்தால்தான் முழு வேகத்தில் ஓடும். பசுங்கணிகத்துக்கோ துளி பெராக்சைடும் ஆகாது. ஒரு லிட்டரில் மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோமோலார் இருந்தாலே கரியமிலவாயுவைப் பிடிக்கும் வேலை பாதியாகக் குறைகிறது என்று 1970-களில் அளந்து கண்டார்கள். ஆனாலும் இலை நாள்தோறும் வெயிலில் நின்று வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கேட்டலேஸ் இல்லாத அறையில் பெராக்சைடை யார் அப்புறப்படுத்துகிறார்கள்?

1976-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கிறிஸ்டின் பாயரும் பாரி ஹாலிவெல்லும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பசுங்கணிகத்தில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, குளுட்டாதயோன் என்ற இன்னொரு சிறு மூலக்கூறும் இருக்கிறது, அதைப் புதுப்பிக்கும் நொதியும் இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று கைமாற்றிப் பெராக்சைடை நீராக்கலாம் என்றார்கள். சங்கிலியில் முக்கியமான கண்ணியை, வைட்டமின் சியைக் கொண்டு பெராக்சைடை உடைக்கும் தனி நொதியை, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தேடினார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கோஸி ஆஸாதா, நகானோ என்பவருடன் சேர்ந்து 1981-இல் பசலைக்கீரை வகைப் பசுங்கணிகத்தில் அதை நிலைநாட்டினார். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்று பெயர்; அஸ்கார்பேட் என்பது வைட்டமின் சிதான்.

இந்த நொதியிடம் ஒரு விசித்திரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. தன் பக்கத்தில் வைட்டமின் சி இல்லாவிட்டால், எந்தப் பெராக்சைடை அடக்கவேண்டுமோ அந்தப் பெராக்சைடாலேயே அரை நிமிடத்துக்குள் செயலிழந்துவிடும். இலையை அரைத்துச் சாறெடுக்கும்போது வைட்டமின் சியைச் சேர்க்காவிட்டால் கைக்குக் கிடைப்பது பிணம்தான். இன்றும் ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் மாணவர்கள் முதல் நாள் இதில்தான் வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன். இரண்டு நாள் பூஜ்யம் பூஜ்யமாக எழுதி வைத்திருந்தேன்.

இனி டம்ளருக்கு வருவோம். கல்யாணப் பந்தியில் சாப்பாட்டுக்கு வாழையிலை. சாப்பிட்டதும் எடுத்துப் போட்டுவிடலாம். பாயசத்துக்கு டம்ளர். ஐந்நூறு பேர் வந்திருக்கிறார்கள், இருப்பதோ நூறு டம்ளர். சமாளிக்க முடியுமா? முடியும், பின்கட்டில் குழாயடியில் இரண்டு பேர் விடாமல் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தால். அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டால் நூறு டம்ளர் முதல் பந்தியிலேயே காலி.

வைட்டமின் சி அந்த டம்ளர். ஒரு பெராக்சைடு மூலக்கூறை நீராக்க இரண்டு வைட்டமின் சி மூலக்கூறுகள் ஆளுக்கொரு எலக்ட்ரானைத் தருகின்றன. தந்ததும் 'எச்சில்' ஆகின்றன. பசுங்கணிகத்தில் லிட்டருக்கு மூன்றரை முதல் ஒன்பது கிராம் வரை வைட்டமின் சி இருக்கிறது. கேட்கப் பெரிய இருப்பாகத் தெரியும். ஆனால் வெயிலில் சூப்பர் ஆக்சைடு பிறக்கும் வேகத்துக்கு ஆஸாதா தந்த மதிப்பீடுகளைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுவுகிற ஆள் இல்லையென்றால் அவ்வளவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

கழுவுகிறவர்கள் யார் யார்? பெயர்கள் ரயில் பெட்டிகள் மாதிரி நீளமானவை; பயப்பட வேண்டாம். ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த டம்ளரை, அதாவது மோனோடிஹைட்ரோ அஸ்கார்பேட்டை, பெரும்பாலும் வாசலிலேயே அலசிவிடுகிறார்கள். ஒளியின் பாதையிலிருந்து வரும் பெரிடாக்சின் என்ற புரதம் நேராகவே எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது. மோனோடிஹைட்ரோ அஸ்கார்பேட் ரிடக்டேஸ் என்ற நொதியும் அதே வேலையைச் செய்கிறது. இவர்கள் கையிலிருந்து தப்பியவை தங்களுக்குள் மோதி, ஒன்று சுத்தமாகி, இன்னொன்று இரட்டிப்பு அழுக்காகிறது. அந்த இரட்டிப்பு அழுக்குக்கு டிஹைட்ரோ அஸ்கார்பேட் என்று பெயர். அதை மீட்க டிஹைட்ரோ அஸ்கார்பேட் ரிடக்டேஸ் குளுட்டாதயோனைச் செலவழிக்கிறது. செலவான குளுட்டாதயோனை மீட்க இன்னொரு நொதி. கடைசியில் எல்லாருக்கும் குழாய்த் தண்ணீர் வருவது ஒளியிலிருந்துதான். எலக்ட்ரானைச் சுமந்து வரும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறின் வடிவில்.

இதில் அவசரம் எங்கே என்றால், அந்த இரட்டிப்பு அழுக்கு டம்ளர் காத்திருக்காது. சில நிமிடங்களில் அதன் மூலக்கூறின் வளையம் உடைந்துவிடும். உடைந்தால் திரும்ப ஒட்டாது, வைட்டமின் போனது போனதுதான். உடைந்த துண்டுகள் ஆக்சாலிக் அமிலமாகவும் வேறு அமிலங்களாகவும் மாறுகின்றன. திராட்சையின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் இப்படி உடைந்த வைட்டமின் சியிலிருந்து வருவதுதான்.

முழுச் சுற்றையும் ஒருமுறை பாருங்கள். ஒளி நீரை உடைத்து எலக்ட்ரானை எடுக்கிறது. அந்த எலக்ட்ரான் ஆக்சிஜனில் ஏறி, பெராக்சைடாகி, வைட்டமின் சியின் கையால் மறுபடி நீராகிறது. நீரில் தொடங்கி நீரில் முடிவதால் ஆஸாதா 1999-இல் இதை நீர்–நீர்ச் சுழற்சி என்று அழைத்தார். லாபம் ஒன்றுமில்லாத சுற்று போலத் தோன்றும். மிஞ்சிய ஒளியைச் செலவழித்துவிடுவதுதான் லாபம்; அணை நிரம்பினால் மதகைத் திறந்துவிடுகிறோமே, அப்படி.

மதகு தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சாட்சி பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அது இலைக்குள் போய் எலக்ட்ரான்களைத் தட்டிப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டு ஓய்வதில்லை. திரும்பத் திரும்பப் பறிக்கிறது, திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. டம்ளர் கழுவுகிறவர்கள் மூழ்கிப்போகிறார்கள். வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்தில் களை கருகும். இருட்டில் வைத்தால் அந்த வேகம் இருக்காது. மனித உடலுக்குள்ளும் அதே பறிப்பு நடக்கிறது, நுரையீரல் பலியாகிறது. கேரளம் 2011-இல் இதைத் தடை செய்தது; இலங்கை அதற்கு முன்பே படிப்படியாக விலக்கத் தொடங்கிவிட்டது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

இப்போது மாணவர்கள் மனத்தில் ஒரு யோசனை ஓடும். கழுவுகிற ஆட்களைக் கூட்டினால் என்ன? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரிவர்சைடில் டேனியல் கேலி குழுவினர் அதைச் செய்தார்கள். கோதுமையின் டிஹைட்ரோ அஸ்கார்பேட் ரிடக்டேஸ் மரபணுவைப் புகையிலையிலும் மக்காச்சோளத்திலும் கூடுதலாக வைத்தார்கள். 2003-இல் வெளியிட்ட முடிவின்படி வைட்டமின் சி இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை உயர்ந்தது. புதிதாக உற்பத்தி செய்ய வைக்கவில்லை; உடையவிருந்ததைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். கைதட்டலாம்.

தட்டிவிட்டீர்களா? அடுத்த ஆண்டே அதே குழு இன்னொன்றைச் சொன்னது. அந்தப் புகையிலைச் செடிகளின் இலைத்துளைகள் அதிகமாகத் திறந்துகிடந்தன. நீர் கூடுதலாக வெளியேறியது. தண்ணீர் நிறுத்தினால் மற்றச் செடிகளைவிட விரைவில் வாடின. நொதியைக் குறைத்த செடிகளோ வறட்சியைச் சற்று நன்றாகவே தாங்கின. காரணம் இதுதான்: மண் காயும்போது இலைத்துளையை மூடு என்று அதைத் திறந்து மூடும் காவல் செல்களுக்குப் போகிற செய்தியில் பெராக்சைடும் ஒரு தூதர். கூடுதல் நொதி அந்தத் தூதரை வழியிலேயே துடைத்துவிட்டது. வீட்டில் புகை வந்தால் நெருப்பென்று தெரியும். புகையே வராதபடி செய்துவிட்டால்?

டப்பாக்களின் மேல் 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்று பெரிதாக அச்சடித்து விற்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புகையிலைச் செடிதான் நினைவுக்கு வரும். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு ஓர் இலைக்கே ஒத்துவரவில்லை. செடி பெராக்சைடை ஒழிப்பதில்லை, கட்டி மேய்க்கிறது.

அதற்காக இந்த வழியையே கைவிட வேண்டியதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனவர்கள் வெண்கண்டல் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். இலையின்மேல் உப்புப் பூத்திருக்கும். உப்பும் வெயிலும் சேர்ந்தால் எலக்ட்ரான் நெரிசல் இன்னும் கடுமை. அந்த மரம் எப்படித் தாங்குகிறது என்று சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்தார்கள். அதன் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் மரபணுவை நெல்லில் வைத்து 2008-இல் வெளியிட்டார்கள். 2010-இல் அதே மரத்தின் மோனோடிஹைட்ரோ அஸ்கார்பேட் ரிடக்டேஸைப் புகையிலையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் உப்பைத் தாங்கும் திறன் கூடியது. இவை ஆய்வுக்கூடச் சோதனைகள். இவற்றை நாளைக்கே கடலோர வயலில் நடலாம் என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள்.

வைட்டமின் சி துளியும் இல்லாமல் செடி வாழுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் எக்செட்டர் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஸ்மிர்னாப் குழுவினர் செடி எந்த வழியில் வைட்டமின் சி தயாரிக்கிறது என்பதை 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். சென்ட்-ஜியார்ஜி பரிசு வாங்கி அறுபத்தோரு ஆண்டுகள் கழித்து! பிறகு அந்த வழியை முழுவதும் அடைத்துப் பார்த்தபோது, நாற்று விதையிலை விரித்ததோடு வளர்ச்சி நின்று வெளிறிப்போனது. நமக்கு ஈறில் இரத்தம் கசியச் சில மாதங்கள் ஆகும். செடிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

முடிக்கும் முன் அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறேன், அங்கேதானே தொடங்கினோம். கீரையைப் பறித்த நிமிடம் என்ன நடக்கிறது? வேர் அறுந்தது, ஒளி போனது, குழாயில் தண்ணீர் நின்றது. இருக்கிற டம்ளர்கள் ஒவ்வொன்றாக அழுக்காகி, கழுவ ஆளின்றி உடைகின்றன. வாடிய கீரையில் வைட்டமின் சி வேகமாகக் குறைவது இதனால்தான். வெயிலில் கிடக்கும் கீரைக்கட்டில் ஒரே நாளில் பெரும் இழப்பு இருக்கும். கூட்டுக்குப் பொடியாக நறுக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போவதும் நல்லதல்ல. செல் உடைந்தால் அறைகள் கலக்கும் என்று வாழைப்பூவில் பார்த்தோம். வெள்ளரிக்காயில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. வைட்டமின் சியை அழிப்பதுதான் அதன் வேலை. துருவிய வெள்ளரியைத் தக்காளியோடு கலந்து நெடுநேரம் வைத்தால் தக்காளியின் வைட்டமினையும் அது தின்றுவிடும். மேலே எலுமிச்சை பிழிந்தால் புளிப்பில் அந்த நொதி சற்று அடங்கும். சாலட்டில் எலுமிச்சை பிழிகிற பழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவருக்கு என் வணக்கம்.

கீரையில் குறைவதைப் பார்த்தோம், பயறில் கூடுவதையும் பாருங்கள். காய்ந்த பயறில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. ஊறி முளை எட்டிப் பார்க்கும்போதுதான் டம்ளர் செய்கிற பட்டறையே திறக்கிறது. முதல் உலகப் போரின்போது ஸ்கர்வி கண்ட படைவீரர்களுக்கு முளைகட்டிய பயற்றைக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

மணி ஏழரை ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போகிற வழியில் கீரை வாங்குவதாக இருந்தால் இப்போது வாங்காதீர்கள். காலையில் பறித்தது, பகலெல்லாம் தண்ணீர் தெளித்துத் தெளித்து உட்கார்ந்திருக்கும். நாளைக் காலையில் வாங்குங்கள், அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.